1990 கார்வெட் இசட்.ஆர்-1: கராஜில் 33 வருடம் நின்ற காரோடு இரண்டு வருடம்

கார்வெட் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பெயரில் வரும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்; இசட்.ஆர்-1 அதன் அதிபலப் பதிப்பு. நான் வாங்கும்போது வண்டிக்கு வயது 33. ஓடியிருந்தது 4,112 மைல். வருடத்துக்கு வகுத்தால் 125 மைல்கூடத் தேறாது. வேலைக்குப் போய்வர ஒரு வாரத்தில் நான் ஓட்டுவதே அதைவிட அதிகம். இன்று அதே வண்டி 6,384-இல் நிற்கிறது. நடுவே உள்ள 2,272 மைலும் நான் ஓட்டியவை. இப்படி ஒரு வண்டியை வாங்கலாமா, வாங்கினால் ஓட்டலாமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி இருந்தது இண்டியானாவில், ஃபோர்ட் வேய்ன் பக்கம் ஒரு வீட்டு கராஜில். மேலே மூன்று போர்வை. விற்றவர் எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற பல் மருத்துவர். 1990-இல் கடையிலிருந்து புதிதாக எடுத்தவரும் அவரேதான். முழங்கால் ஒத்துழைக்காததால்தான் விற்கிறேன் என்றார். இந்தத் தலைமுறைக் கார்வெட்டில் கதவைத் திறந்தால் தொடை அகலத்துக்கு ஒரு படி குறுக்கே நிற்கும். அதைத் தாண்டி ஒரு காலைப் போட்டு, உடம்பைச் சாய்த்து, இருக்கைக்குள் இறங்க வேண்டும். உட்கார்ந்துவிடுகிறேன், எழுந்து வரத்தான் முடியவில்லை என்று அவர் சொன்னபோது, போர்வையின் ஓரத்தை இன்னும் கையில் பிடித்தபடியே நின்றார்.

நான் ஓஹையோவில், டேய்டன் பக்கம் இருக்கிறேன். கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைக் குடைகிற சி.என்.சி இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில், இருபத்தைந்து வருடமாக. நன்றாகக் குடைந்து செய்த அலுமினியத் துண்டு ஒன்று மேசையில் கிடந்தால் என் விரல் தானாகப் போய் அதன் விளிம்பைத் தடவிப் பார்க்கும். இந்தக் காரின் மேல் எனக்கு ஆசை பிறந்ததே அதன் எஞ்சினால்தான். வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பலர் இதைச் சாதாரண கார்வெட் என்றே நினைப்பார்கள். பின்பக்கம் மூன்று அங்குலம் கூடுதல் அகலம், சதுரமான பின்விளக்குகள், கூரையின் மேல் ஒரு பிரேக் விளக்கு. 1990-இல் வித்தியாசம் கண்டுபிடிக்க அவ்வளவுதான் இருந்தது. 1991-இல் எல்லாக் கார்வெட்டுக்கும் அதே போன்ற பின்புறம் வந்ததும் அடையாளம் இன்னும் மங்கிப்போனது. அறுபதாயிரம் டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

எஞ்சின் மூடியைத் திறந்தால்தான் கதை தொடங்குகிறது. திறப்பதே ஒரு காட்சி: முன்பக்கம் மொத்தமும், சக்கர வளைவின் மேல்பகுதியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, முன்னோக்கிக் கவிழ்ந்து எழும். உள்ளே எல்.டி-5, இசட்.ஆர்-1-க்கென்றே செய்த எஞ்சின்.

1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. உலகத்தின் எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஈடுகொடுக்கிற கார்வெட் வேண்டும் என்பது அப்போதைய குறி. டேவ் மெக்லெல்லன் கார்வெட்டின் தலைமைப் பொறியாளராக இருந்த காலம். லோட்டஸோடு சேர்ந்து உருவாக்கியது முழு அலுமினிய வி-8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர்: கொள்ளளவு 5.7 லிட்டர், நான்கு கேம் தண்டு, 32 வால்வு, 375 குதிரைத்திறன். அதே வருடம் சாதாரண கார்வெட்டில் இருந்ததும் 5.7 லிட்டர்தான், ஆனால் 245 குதிரைத்திறன். சிலிண்டருக்குச் சிலிண்டர் 4.4 அங்குலம் என்ற பழைய செவர்லே இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள்.

இவ்வளவு நுணுக்கமான, இவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலான எஞ்சினை ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய ஆலைகளில் செய்யவில்லை. ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில், படகு எஞ்சின்களுக்குப் பேர்போன மெர்க்குரி மரைனிடம் கொடுத்தது. அலுமினியத்தில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். அங்கே கட்டி முடித்த எஞ்சின் கென்டக்கியின் பௌலிங் கிரீன் ஆலைக்குப் போய்க் காரில் ஏறியது. என் வண்டியின் எஞ்சின் மேல்கூட்டின் வார்ப்பை டார்ச் அடித்துப் பார்த்தபோது, விளிம்புகளைத் தேய்த்து முடித்த விதம் எனக்குத் தெரிந்த வேலையாக இருந்தது. அவசரமில்லாத கை.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று உள்ளே வர இரண்டு வழி. இரண்டுக்கும் பெட்ரோல் தெளிக்கத் தனித்தனி இன்ஜெக்டர், ஆகப் பதினாறு. சாதாரணமாகப் போகும்போது ஒரு வழி மட்டும் வேலை செய்யும். அழுத்தி மிதித்து, எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 3,500 பக்கம் வந்தால் இரண்டாவது வழி திறக்கும். இதற்கென்றே முன்பலகையின் நடுவில் ஒரு தனிச் சாவித் துளை. சாவியைத் திருப்பாவிட்டால் இரண்டாவது வழி திறக்கவே திறக்காது. கார் பாதி பலத்தோடு அடக்கமாக ஓடும். ஓட்டலில் வண்டியை நிறுத்தித் தருகிற பையன் கையில் கொடுக்கும்போது பூட்டி வைக்கலாம் என்பதால் வேலட் சாவி என்று பேர் வந்தது.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 1990-இல் சாதாரண கார்வெட் 31,979 டாலர். அதன் மேல் இசட்.ஆர்-1 என்ற ஒரு சேர்க்கைக்கு மட்டும் 27,016 டாலர். மொத்தம் 58,995. அதுவும் கடைகளில் அந்த விலைக்குக் கிடைக்கவில்லை; பட்டியல் விலைக்கு மேலே பெரிய தொகை வைத்துக் கேட்டார்கள், கொடுக்கவும் ஆள் இருந்தது. நாளை ஏறும் என்று வாங்கி, ஓட்டாமல் போர்த்தி வைத்தவர்கள் ஏராளம். ஏறவில்லை. 1992-இல் சாதாரண கார்வெட்டுக்கே 300 குதிரைத்திறன் எஞ்சின் வந்துவிட்டது. முதல் வருடம் 3,049 இசட்.ஆர்-1 செய்தார்கள், 1992-இல் 502 மட்டும். 1993-இலிருந்து 405 குதிரைத்திறன் ஆக்கியும், வருடத்துக்கு 448 என்று மூன்று வருடம் போய், 1995 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 6,939.

நான் கொடுத்தது 43,500 டாலர். அவர் 46,000 கேட்டார். 33 வருடம் கழித்து, டாலரின் மதிப்பு பாதிக்கும் கீழே போன பிறகும், புது விலைக்கே கிட்ட வரவில்லை. நான் அவரிடம் பேரம் பேசியது அந்த 2,500-க்கு மட்டும்தான். அதற்கு மேல் பேச மனம் வரவில்லை.

இந்த வரலாறு தெரிந்தால்தான் ஒரு விஷயம் விளங்கும். குறைந்த மைல் ஓடிய இசட்.ஆர்-1 அபூர்வம் கிடையாது. முதலீடு என்று ஆயிரக்கணக்கானோர் வாங்கிப் பூட்டி வைத்ததால் ஐயாயிரம், பத்தாயிரம் மைல் வண்டிகள் சந்தையில் வந்துகொண்டே இருக்கும். அபூர்வம் எது என்றால், யாரும் கை வைக்காத வண்டி. எஞ்சினில் சிப் மாற்றாத, புகைபோக்கி மாற்றாத, பெயின்ட் அடிக்காத, ஆலையில் முடுக்கிய நட்டு அப்படியே இருக்கிற வண்டி. நான் மூன்று மணி நேரம் அந்த கராஜில் தேடியது அதைத்தான்.

முதலில் வின் எண், ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண். கண்ணாடியின் கீழே உள்ள தகட்டில் எட்டாவது எழுத்து ஜே என்று இருக்க வேண்டும்; கடைசி ஆறு இலக்கம் 80-இல் தொடங்க வேண்டும். இருந்தது. கதவின் ஓரத்துச் சீட்டில் 1990 ஜனவரி. சாமான் அறை மூடியின் உட்புறத்தில் ஆலையில் என்னென்ன சேர்த்தார்கள் என்று காட்டும் ஆர்.பி.ஓ குறியீட்டுச் சீட்டு, அதில் இசட்.ஆர்-1-ம் எல்.டி-5-ம் இருந்தன, மூலை சற்றுச் சுருண்டிருந்தது, அவ்வளவுதான். பிறகு டயர். 1990-களின் டயரில் தேதி மூன்று இலக்கம். கை மின்விளக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்து நான்கையும் பார்த்தேன்: 499. அதாவது 1989-ஆம் ஆண்டின் 49-ஆம் வாரம். ஜனவரியில் கட்டிய காருக்கு டிசம்பர் டயர். நான்கும் கார் பிறந்தபோது போட்ட குட்இயர் ஈகிள். அந்த நிமிடமே மனம் தீர்மானித்துவிட்டது, வாய்தான் இன்னும் சொல்லவில்லை.

கீழே படுத்தபடியே பார்த்தபோது பின் அச்சின் தாங்கியில் ஒரு நட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட் தீற்றல் இருந்தது. ஆலையில் முடுக்கியவர் சரிபார்த்ததற்கு அடையாளமாக வைத்த கோடு. நட்டிலும் பக்கத்துத் தகட்டிலும் ஒரே கோடாக, உடையாமல் ஓடியது. நட்டை யாராவது ஒரு தடவை தளர்த்தியிருந்தால் அந்தக் கோடு விலகியிருக்கும். 33 வருடம் அது விலகவில்லை. இதைச் சொல்லும்போது என் மனைவி புரியாமல் பார்ப்பாள். எனக்கு அந்த அரை அங்குல மஞ்சள் கோடு எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது.

ஓடோமீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காரில் மைல் கணக்கு மின்னணுத் திரையில் வருகிறது. மீட்டர் பெட்டியை மாற்றினால் கணக்கும் மாறும். அமெரிக்கச் சட்டப்படி இவ்வளவு பழைய வண்டியை விற்பவர் மைலை எழுதி உறுதிகொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உரிமைப் பத்திரத்தில் விலக்கு என்று குறித்துவிடலாம். ஆகவே திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். காகிதம் கேளுங்கள். இவரிடம் எண்ணெய் மாற்றிய ரசீது ஒவ்வொன்றும் இருந்தது, மைலோடு, கையால் எழுதிய தேதியோடு, பழைய ரொட்டி டப்பா ஒன்றில். ஜன்னலில் ஒட்டி வந்த விலைச்சீட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. காகிதத்துக்கு அடுத்தபடி கிளட்ச் பெடலின் ரப்பரையும் ஓட்டுநர் இருக்கையின் இடப்பக்கத் திண்டையும் பாருங்கள். அந்த உயரமான படியைத் தாண்டி இறங்குபவர்கள் எல்லாரும் அந்தத் திண்டின் மேல் வழுக்கித்தான் இறங்குவார்கள். ஐம்பதாயிரம் மைல் வண்டியில் அங்கே தோல் வெடித்திருக்கும். என் வண்டியில் சுருக்கம்கூட விழவில்லை.

இப்போது ஏமாந்த கதை.

வாங்குவதற்கு முன் அருகிலுள்ள ஒரு பட்டறையில் கொடுத்து முழுப் பரிசோதனை செய்தேன். 300 டாலர் வாங்கிக்கொண்டு ஏழு பக்க அறிக்கை கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி. பதினாறு இன்ஜெக்டரில் ஒன்றைக்கூட அவர்கள் அளந்து பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் படித்த யாருக்கும் தெரியும்: ஆல்கஹால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து இன்ஜெக்டரின் உள்சுருளை மெல்ல அரித்துவிடும். வண்டி நின்றுகொண்டே இருந்தால், அதே பெட்ரோல் அங்கேயே தங்கிவிடுவதால், இன்னும் மோசம். எனக்கும் தெரிந்திருந்தது. அறிக்கையின் பச்சைக் குறிகளைப் பார்த்துக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாவது வாரம் காலையில் கிளப்பினால் எஞ்சின் நொண்டியது. சூடானதும் சரியாகிவிடும். சாவியைத் திருப்பி அழுத்தி மிதித்தாலும் அந்த இரண்டாவது உந்துதல் வரவில்லை. 375 குதிரை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில், நானே பிரித்தேன். மேலே உள்ள காற்றுக் கூட்டைக் கழற்றினால்தான் எதையும் தொட முடியும். இன்ஜெக்டர்கள், வெற்றிடக் குழாய்கள், ஸ்டார்ட்டர் மோட்டார்கூட அதற்குக் கீழே, எஞ்சினின் வி வடிவப் பள்ளத்துக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த இடத்தின் படம் வரைந்த அட்டையில் குத்தி வைத்தேன். மூன்றரை மணி நேரத்தில் கூடு கையில் வந்தது. கீழே கண்ட பள்ளத்தில் ஒரு துளி எண்ணெய்க் கசிவு இல்லை, வெறும் தூசி. ஆனால் இரண்டாவது வழியைத் திறக்கும் வெற்றிடக் குழாய் ஒன்று, விரலால் வளைத்ததும் காய்ந்த வெற்றிலைக் காம்பு போல முறிந்தது. அதுதான் பலம் வராததற்குக் காரணம். இன்ஜெக்டர்களை அளந்தேன்: பதினாறில் ஐந்தின் மின்தடை இறங்கிப்போயிருந்தது.

பதினாறையும் மாற்றினேன். புதியவை ஆல்கஹாலைத் தாங்குபவை, மொத்தம் ஏறத்தாழ 900 டாலர். ரப்பர்க் குழாய் எல்லாவற்றையும் மாற்றினேன், கேஸ்கட் உள்பட. உள்ளே வரை போய்விட்டோமே என்று ஸ்டார்ட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். கழற்றிய பழைய பொருள் ஒவ்வொன்றும் பெயர் எழுதிய பையில் இருக்கிறது. அடுத்து வாங்குபவருக்கு அது வேண்டும்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கொலம்பஸில் இருக்கிற நம் அண்ணன் ஒருவர் பழைய கார்களில் ஊறியவர், மூன்று கார்வெட் வைத்திருக்கிறார். வண்டியைப் பார்க்க வந்தவர் முதலில் சொன்னது: "தம்பி, ஐயாயிரத்தைத் தாண்ட விடாதே. தாண்டினால் அது வேற வண்டி." சந்தைக் கணக்கில் அவர் சொன்னது சரி. கார்வெட் மறுசீரமைப்போர் சங்கம் என்று 1974-இலிருந்து இயங்குகிற அமைப்பு ஒன்று இருக்கிறது. அவர்களுடைய மதிப்பீட்டில் டயரிலிருந்து பெல்ட் வரை ஆலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மைல் ஏற ஏற, பொருள் மாற மாற, மதிப்பெண் இறங்கும். ஐயாயிரத்தைத் தாண்டியதில் நான் சில ஆயிரம் டாலர் இழந்திருப்பேன் என்றுதான் நானும் கணக்கிடுகிறேன்.

அன்று இரவு என் மனைவி கேட்டாள்: "என்னங்க, இதை ஓட்டப் போறீங்களா, இல்ல கும்பிடப் போறீங்களா?"

ஓட்டத் தீர்மானித்தேன். ஆசை ஒரு காரணம்தான். ஆனால் பிரித்துப் பார்த்தபோது கண்ணால் கண்டதுதான் பெரிய காரணம். அந்த எஞ்சினில் உலோகத்தால் செய்த எதுவும் கெடவில்லை. கெட்டவை அனைத்தும் ரப்பரும் பெட்ரோல் தொடுகிற சுருளும். அவற்றைக் கெடுத்தது ஓட்டம் அல்ல, நிற்பு. தொழிற்சாலையில் ஆறு மாதம் மின்சாரம் கொடுக்காமல் போட்டு வைத்த இயந்திரத்தை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். தினமும் ஓடுகிற இயந்திரம் என்னை அவ்வளவு கூப்பிடுவதில்லை.

ஓட்டும் அனுபவம். அமைதியாக நிற்கும்போது அமெரிக்க வி-8 என்று காது நினைக்கிற அந்தக் குலுங்கல் இதில் இல்லை. ஒரு மெல்லிய, சீரான ரீங்காரம், அடியில் கேம் சங்கிலியின் சரசரப்பு. 3,000 வரை பெரிய கார் ஒன்று நிதானமாகப் போவது போல இருக்கும். பிறகு அந்த இரண்டாவது வழி திறக்கும் நொடி. சத்தத்தின் குரலே மாறும். அடித்தொண்டையில் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று பாடத் தொடங்கியது போல. முள் 7,000-இல் உள்ள சிவப்புக்கோட்டை நோக்கி ஒரே மூச்சாக ஏறுகிறது. இன்றைய மின்சாரக் கார்கள் இதைவிட வேகமாகக் கிளம்பும், அதில் சந்தேகமில்லை. இது கிளம்பிய பிறகு இன்னும் இன்னும் என்று கேட்கிற எஞ்சின். 1990 மார்ச்சில் டெக்சஸின் ஃபோர்ட் ஸ்டாக்டனில் 24 மணி நேரம் ஓட்டி, சராசரி மணிக்கு 175.885 மைல் என்று உலகச் சாதனை படைத்தார்கள். முன்பு அது எனக்கு வெறும் எண். ஒரு தடவை மூன்றாவது கியரில் முழுதாக இழுத்த பிறகு, அந்த எண்ணை நம்ப எந்தச் சிரமமும் இல்லை.

கியர் ஆறு வேகம், ஜெர்மனியின் இசட்.எஃப் செய்தது. கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை நிறையும், போட்டால் கடக்கென்று உட்காரும், கிளட்ச் கனம். நகரத்தில் மெதுவாகப் போகும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகவிடாமல் நேரே நான்குக்குத் தள்ளும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எரிபொருள் அதிகம் குடிக்கும் கார்களுக்கான வரியிலிருந்து தப்பிக்க வைத்தது. பலர் அதைத் துண்டித்துவிடுகிறார்கள். நான் துண்டிக்கவில்லை. முதல் கியரில் சற்றுக் கூடுதலாக இழுத்துவிட்டு மாற்றினால் அது குறுக்கே வராது, ஒரு வாரத்தில் கால் பழகிக்கொள்கிறது.

குறைகள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. கைபிரேக் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே, இடப்பக்கம். ஏறும்போது கால்சட்டை மாட்டும். முன்பலகை பிளாஸ்டிக் குளிரில் கிறீச்சிடும். கூரைப் பலகையைக் கழற்றி ஓட்டினால் உடல் முறுகுவது சற்றுத் தெரியும். சாவியின் தண்டில் திருட்டுத் தடுப்புக்காக ஒரு கறுப்புப் பொட்டு பதித்திருக்கும். அதில் அழுக்கு இருந்தால் வண்டி கிளம்ப மறுத்து, சில நிமிடம் காத்திருக்க வைக்கும். ஒரு பெட்ரோல் நிலையத்தில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் சாவியைச் சட்டையில் துடைத்தபடி நின்ற நாள் நினைவிருக்கிறது. பாட்டுப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் உறுமுகிறது, உள்ளே மின்தேக்கி கசிந்திருக்க வேண்டும். இவற்றுக்கு எதிரே, முன்விளக்குகள் உருண்டு திரும்பி வெளியே வருவதைப் பார்க்கிற சந்தோஷம் ஒன்று இருக்கிறது. மாலையானால் காரணமில்லாமல் ஒரு தடவை போட்டு அணைப்பேன்.

டயரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 33 வயது டயரில், ரப்பர் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். பார்வைக்குப் புதிது போல இருக்கும், உள்ளே கல்லாகியிருக்கும். அசல் நான்கையும் கழற்றி, பை சுற்றி, கராஜின் இருட்டான மூலையில் அடுக்கிவிட்டுப் புதியவை போட்டேன். பின் டயரின் அளவு 315/35, விளிம்பு 17 அங்குலம். இந்த அளவில் இன்று தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. கிடைக்கிறபோது வாங்கிவிடுவது நல்லது.

போன மே மாதம் பௌலிங் கிரீன் போனோம், நானும் மகளும். சின்சினாட்டி, லூயிவில் வழியாக ஏறத்தாழ 270 மைல். ஐ-65-இல் 28-ஆம் வெளிவழியில் இறங்கினால் தேசியக் கார்வெட் அருங்காட்சியகம். கார் பிறந்த ஆலை அதற்குப் பக்கத்திலேயே. 2014 பிப்ரவரியில் அந்த அருங்காட்சியகத்தின் மஞ்சள் கூம்புக் கட்டடத்தின் தரை திடீரென்று உள்வாங்கி எட்டுக் கார்வெட்டுகள் பள்ளத்துக்குள் விழுந்தன. அவற்றில் ஒன்று 1993-இன் இசட்.ஆர்-1 ஸ்பைடர், சோதனைக்காகச் செய்த வண்டி. பத்திரமான இடம் என்று நினைத்து வைத்தவை அவை. மகள் அங்கே நின்று, "அப்பா, நம்ம வண்டி ரோட்ல இருக்கிறதுதான் சேஃப்" என்றாள். ஐந்தரை மணி நேரப் பயணத்தில் வெப்ப முள் நகரவில்லை, எண்ணெய் அழுத்தம் இறங்கவில்லை. அங்கே வாகன நிறுத்தத்தில் மூன்று பேர் வந்து எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். ஒருவர் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பூச்சியம் மைல் என்று சொல்லி விற்கிற வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதை நீங்கள் ஓட்டவும் முடியாது, ஓட்டாமல் வைத்தால் என் குழாய் முறிந்தது போல உள்ளே முறிந்துகொண்டேயிருக்கும். பத்தாயிரம் மைலுக்குள், ஒரே குடும்பத்தில் இருந்த, ரசீதுகளோடு வருகிற 1990 அல்லது 1991 வண்டி போதும். 405 குதிரைத்திறன் வேண்டும் என்றால் 1993-க்கு மேல் போகலாம். எண்ணிக்கை குறைவு என்பதால் விலை ஏறும், ஓட்டத்தில் அந்த முப்பது குதிரையை நான் தேடியதில்லை. இன்ஜெக்டர் அளந்த தாள் இல்லாவிட்டால் விலையில் 2,000 டாலர் கழித்துக் கேளுங்கள். நீங்களே பிரிக்கத் தெரியாதவராக இருந்தால், எல்.டி-5 எஞ்சினை முன்பே திறந்து பார்த்திருக்கும் ஒரு கை உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் முன்பணம் கொடுங்கள். சாதாரண செவர்லே மெக்கானிக்குகள் பலர் மூடியைத் திறந்ததும் கையெடுத்துவிடுவார்கள்.

பல் மருத்துவர் மாதம் ஒரு தடவை குறுஞ்செய்தி அனுப்புவார், இப்போது எவ்வளவு என்று மட்டும் கேட்டு. நான் திரையைப் படம் எடுத்து அனுப்புவேன். 5,000 தாண்டியபோது அனுப்பத் தயங்கினேன். அனுப்பியதும் அழைத்துவிட்டார், வருத்தப்படுவார் என்று நினைத்தேன், சாவியை முழுப் பலத்துக்குத் திருப்பினாயா, எந்தச் சாலையில், எத்தனையாவது கியரில் என்று அரை மணி நேரம் கேட்டார்.

இந்தக் குளிர்காலத்துக்கு மூன்று வேலை இருக்கிறது. பிரேக் எண்ணெய் முழுதாக மாற்ற வேண்டும். அந்த ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பின் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகள் இரண்டும் தளர்ந்துவிட்டன, மாற்ற வேண்டும். பழையவற்றைப் பையில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். பின் அச்சில் இருக்கிற அந்த மஞ்சள் கோட்டை இன்னும் தொடவில்லை.